இரண்டாவது கையெழுத்து: உள்ளாட்சி மன்றங்களின் வடிவமும் சேரியும்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30 அன்று மேலவளவு விடுதலைக் களத்தில் மாலை வைத்துவிட்டு வருகிறோம். முழக்கம் எழுப்புகிறோம். அங்கே புதைக்கப்பட்டிருக்கிற ஆறு பேரும் ஈகியர் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவர் ஊராட்சி மன்றத் தலைவர், இன்னொருவர் துணைத்தலைவர் என்பதை வீரவணக்கத்துக்கான அடைமொழியாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். தலைவர் என்றால் என்ன அதிகாரம்? அதை யார் கொடுத்தார்கள், யார் எடுக்க முடியும்? இந்தக் கேள்விகளை ஒரு நினைவுச் சொற்பொழிவில் கேட்பது கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். சட்டப்பிரிவுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். முருகேசன் ஒரு சட்டப்பிரிவை நம்பித்தான் வேட்புமனு போட்டார்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி பற்றி யார் பேசத் தொடங்கினாலும் முதலில் உத்திரமேரூருக்குப் போவார்கள். பாடநூலில் குடவோலை, பிரதமர் உரையில் குடவோலை, நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழாவில்கூடக் குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருப்பது உண்மை. பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று குழுக்களை அமைத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். இந்த விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் எத்தனை ஒன்றியங்கள் காலியாகும் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டதுண்டு.

அதே கல்வெட்டில் தகுதிகளையும் படியுங்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திர பிராமணம் ஓத வல்லவனாக இருக்க வேண்டும். அரைக்கால் வேலி நிலமே இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவனானால் சேர்த்துக்கொள்ளலாம். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அது நிலம் வைத்திருந்த பார்ப்பனர்களின் சபை. அந்த நிலத்தில் உழுதவன், ஏரியில் வண்டல் அள்ளியவன், செத்த மாட்டை இழுத்தவன் பெயரை எழுத அங்கே ஓலை கிடையாது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் நம் முன்னோரைப் பார்க்கலாம். வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணத்தில் நாம் இல்லாமல் இல்லை. வாக்காளராக இல்லை, கழித்துவிட வேண்டிய நிலமாக இருக்கிறோம்.

இதைப் பழம்பெருமையைக் குலைக்கும் ஆசையில் சொல்லவில்லை. ‘தேர்தல்’ என்ற சொல் வந்துவிட்டாலே ஜனநாயகம் வந்துவிட்டது என்று கருதுகிற பழக்கத்தைத்தான் குறிப்பிடுகிறோம். தேர்தல் ஒரு கருவி. யார் நிற்கலாம், யார் யாரைத் தேர்ந்தெடுக்கலாம், எந்த எல்லைக்குள், எவ்வளவு காலத்துக்கு, கையில் என்ன சாவியோடு என்பவற்றை வரைந்தவர் யார் என்று பார்த்தால்தான் அந்தக் கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது தெரியும்.

வெள்ளைக்காரன் வந்தபோது அவனுக்கும் இந்த மயக்கம் இருந்தது. 1812ஆம் ஆண்டின் ஐந்தாம் அறிக்கை கிராமத்தைத் தன்னளவில் முழுமையான ஓர் அமைப்பாக வருணித்தது. 1830இல் சார்லஸ் மெட்காஃப் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்றார். பேரரசுகள் விழுந்தாலும் கிராமம் அசையாமல் நிற்கிறது என்ற இந்தக் கதை பிறகு தேசியவாதிகளுக்கும் காந்தியாருக்கும் பிடித்துப்போனது. கிராமம் அசையவில்லை என்பதில் நமக்கும் ஐயமில்லை. அசையவிடாமல் யார் யாரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் மெட்காஃபின் கண்ணுக்குப் படவில்லை.

1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. சாலை, கிணறு, பள்ளி, மருந்தகம் எல்லாம் வாரியங்களின் பொறுப்பு. வரி கட்டுபவருக்கு வாக்கு. ‘பொதுச் சாலை’, ‘பொதுக் கிணறு’ என்று வாரியக் கணக்கில் எழுதப்பட்டவற்றில் நாம் நடக்கவும் முடியாது, நீர் எடுக்கவும் முடியாது. ரெட்டமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் இந்த இடத்தைத்தான் தொட்டது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றுக்குள் தாழ்த்தப்பட்டோர் செல்லத் தடையில்லை என்று அரசே அறிவிக்க வேண்டும் என்றார். நாம் பெரும்பாலும் இதைத் தீண்டாமை எதிர்ப்பு வரலாற்றில் வைத்துப் படிக்கிறோம். உள்ளாட்சி வரலாற்றிலும் வைத்துப் படிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தால் செய்ய முடியாததை மாகாண அரசின் ஆணையைக் கொண்டு செய்யவைக்கப் பார்த்தார் அவர். ஊரிடம் கேட்டுப் பயனில்லை, ஊருக்கு மேலே இருப்பவனிடம் கேள் என்பதுதான் அந்தத் தலைமுறையின் அனுபவம்.

இனி 1932க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நமக்கான தனி வாக்காளர் தொகுதி போனது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 6 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா மீது டாக்டர் அம்பேத்கர் பேசினார். அந்தப் பேச்சை மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். எரவாடாவில் நடந்ததைப் படித்தவர்களில் பலரும் இதைப் படித்ததில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டால் போதும் என்ற வாதத்தை அவர் அங்கே மறுக்கிறார். ஒவ்வொரு கிராமத்திலும் தீண்டப்படாதவர்கள் சிறுபான்மை. எண்ணிக்கையை வைத்து நடக்கும் தேர்தலில், சாதியாக வாக்களிக்கும் ஊரில், அவர்கள் எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்து எங்களுக்கு வேண்டாம் என்கிறார். பஞ்சாயத்துக்கு நீதி வழங்கும் அதிகாரம் கொடுப்பதையும் கடுமையாக எதிர்க்கிறார். ஊர்ச் சாதியினரின் கையில் வழக்கு விசாரணையையும் தண்டனையையும் ஒப்படைப்பது என்னவாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆணவக் கொலைகளுக்கு முன்னால் நடக்கும் ஊர்க்கூட்டங்களைப் பார்த்த நமக்கும் தெரியும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்ட வரைவை அவர் முன்வைத்தார். கிராமத்தை அலகாகக் கொள்ளவில்லையே என்று காந்தியவாதிகள் வருந்தினார்கள். நவம்பர் 22 அன்று கே. சந்தானம், நம் மாகாணத்துக்காரர், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஓரிரு வரியில் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் உறுப்பு. நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத, வழிகாட்டும் நெறிகளில் ஒன்று. அவர் ஏன் மல்லுக்கட்டவில்லை என்று நாங்கள் பல வாசிப்பு வட்டங்களில் விவாதித்திருக்கிறோம். அது கட்டாயப்படுத்த முடியாத உறுப்பு என்பதால் விட்டுக்கொடுத்தார் என்பது எங்கள் ஊகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1932இல் அவர் வைத்த நிபந்தனை, பிரதிநிதித்துவம் இருந்தால் மட்டுமே பஞ்சாயத்து என்பது, அந்த ஒற்றை வரி உறுப்பில் இல்லை. அது அரசமைப்புக்குள் வர மேலும் 44 ஆண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்தது. சென்னை மாநிலத்தில் 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது, காமராஜர் ஆட்சியில் பஞ்சாயத்து ஒன்றியங்கள் உருவாயின. பள்ளிக்கூடமும் தெருவிளக்கும் வந்தன. சேரிக்குக் கடைசியாக வந்தன. தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு இல்லை. 1970க்குப் பிறகு 1986 வரை தேர்தலே இல்லை, அதற்குப் பிறகு 1996 வரை இல்லை. ஊர்ப்பெரியதனம் வைத்திருந்தவர், மணியம் பார்த்தவர், அம்பலம் என்று அழைக்கப்பட்டவர் ஆகியோரின் வீட்டுத் திண்ணைக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் பெரிய தூரம் இருந்ததில்லை.

1992 டிசம்பரில் நாடாளுமன்றம் 73ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் என்று பல ஏற்பாடுகள். நம்மைப் பொறுத்தவரை அதன் உயிர் 243-டி உறுப்பில் இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்தில் உறுப்பினர் இடங்கள் மட்டுமல்ல, தலைவர் பதவிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு (தமிழ்நாட்டில் 2016இல் அது பாதியானது). ஒதுக்கப்பட்ட பதவிகள் சுழற்சி முறையில் மாற வேண்டும். ஊரின் நடுவில் இருக்கும் அந்த ஒரு நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று அரசமைப்பு சொன்னது அதுதான் முதல்முறை. அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. தேர்தல் 1996 அக்டோபரில்.

மேலவளவு தனித் தொகுதியானது. நிற்கக் கூடாது என்று மிரட்டல். வேட்புமனு போட்டவர்கள் திரும்பப் பெற்றார்கள், முதல் தேர்தல் நடக்கவில்லை. சேரியில் வீடுகள் எரிந்தன. டிசம்பர் 28 அன்று வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது. டிசம்பர் 31 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். ஆறு மாதம். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது முருகேசன், துணைத்தலைவர் மூக்கன், உடன் வந்த நால்வர் ஆகியோரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் தனியே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார்கள். 17 பேருக்கு 2001இல் ஆயுள் தண்டனை, 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2019 நவம்பரில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். இந்த வரிசையை நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஏன் தலைவர் பதவிக்காகக் கொன்றார்கள்? அதே ஊரில் நம்மவர் வார்டு உறுப்பினராக இருப்பதை யாரும் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலூர்ப் பக்கம் வாழ்பவர்களுக்கு விடை தெரியும். கண்மாய் மீன் ஏலம், மரங்களின் ஏலம், புறம்போக்கு நிலம், கல்குவாரி, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை ஆகிய எல்லாமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. ஊர்ப் பொதுச் சொத்தின் ஏலத்தில் கையெழுத்துப் போடுகிறவன் யாரோ அவனே ஊர். தலைவர் நாற்காலி சேரிக்குப் போனால் ‘ஊர்’ என்ற சொல்லின் பொருளே மாறிவிடும். ஊர் வேறு சேரி வேறு என்று ஆயிரம் ஆண்டாக இருந்த கணக்கை 243-டி ஒரே வரியில் அடித்துவிட்டது. அடித்தது டெல்லியில் எழுதப்பட்ட சட்டம். அதன் விலையைக் கொடுத்தது பேருந்தில் வந்த ஆறு பேர்.

கொல்லாமலும் இதைச் செய்யலாம் என்று மற்ற ஊர்கள் காட்டின. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். பத்தாண்டுகள். தேர்தல் அறிவிப்பு வரும், மனு இல்லை. அல்லது ஊர் காட்டிய ஒருவர் மனுப் போடுவார், வெல்வார், பதவியேற்ற சூட்டோடு பதவி விலகல் கடிதம் கொடுப்பார். மறுபடி அறிவிப்பு, மறுபடி அதே நாடகம். சட்டத்தின் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மனுப் போடுவதும் பதவி விலகுவதும் தனிமனித உரிமை. சட்டம் பதவியை ஒதுக்கியது. அந்தப் பதவியில் இருப்பவரின் வயிற்றுக்கும் வேலைக்கும் உயிருக்கும் அது எந்த ஏற்பாடும் செய்யவில்லை. நம்மவர் கூலிக்குப் போவது யாருடைய வயலுக்கு? அதே ஊரின் வயலுக்கு. 2006 அக்டோபரில் அரசு உறுதியாக நின்றதும் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. அரசு நினைத்தால் நடத்த முடியும் என்பது அன்று நிரூபணமானது. அப்படியானால் முந்தைய பத்தாண்டுகள் நினைக்கவில்லை என்பதும் அன்றே நிரூபணமானது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்தார்கள். அடுத்த மாதமே நெல்லை மாவட்டம் நக்கலமுத்தன்பட்டியில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார்.

இனிச் சட்டத்தின் உள்ளே போவோம். எங்கள் குழு தென்மாவட்டங்களில் தலித் ஊராட்சித் தலைவர்களுக்குச் சில ஆண்டுகள் சட்டப் பயிற்சி நடத்தியது. தொடக்கத்தில் நாங்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் 11ஆம் அட்டவணையின் 29 துறைகளையும் பாடமாக எடுத்தோம். ஒரு பயிற்சியில் ஒரு தலைவர் அம்மா எழுந்தார். “தம்பி, இருபத்தொம்போது துறைய நீங்களே வச்சுக்கங்க. என் செக்குல வைஸ் கையெழுத்துப் போடமாட்டேங்குறாரு. அதுக்கு என்ன வழின்னு சொல்லுங்க” என்றார். எங்களிடம் வழி இல்லை. முதுகலைச் சமூகவியல் படித்தவர்கள், அம்பேத்கர் தொகுதிகளைப் படித்தவர்கள், சட்டத்தின் 188ஆம் பிரிவைப் படித்திருக்கவில்லை.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராம ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. ஒருவர் கையில் பணம் சிக்காமல் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். இப்போது இதை ஒதுக்கீட்டோடு வைத்துப் பாருங்கள். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவி ஒதுக்கப்பட்டது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. உறுப்பினர்களில் பெரும்பான்மை யார்? ஊர்ச்சாதி. ஆகவே தனித் தொகுதி ஊராட்சிகளில் மிகப் பலவற்றில் துணைத்தலைவர் அந்த ஊரின் ஆதிக்கச் சாதிக்காரர். பல இடங்களில் முன்னாள் தலைவரே, அல்லது அவர் தம்பியே. இரண்டு கையெழுத்தில் ஒன்று சேரியிடம், ஒன்று ஊரிடம். முதலாவது கையெழுத்து இருந்தும் பயனில்லை. இரண்டாவது கையெழுத்து இல்லாவிட்டால் குடிநீர் மோட்டாரைப் பழுது பார்க்க முடியாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போட முடியாது. தண்ணீர் வராவிட்டால் வசவு யாருக்கு? தலைவருக்கு. ‘அவுகளுக்கு நிர்வாகம் தெரியல’ என்று பேசிக்கொள்வார்கள். இதில் அரிவாள் தேவையில்லை.

இதைச் சதியென்று சொல்ல எங்களிடம் ஆதாரமில்லை. சட்டத்தை வரைந்தவர்கள் ஊழலைப் பற்றி யோசித்தார்கள், சாதியைப் பற்றி யோசிக்கவில்லை. நம் ஊர்ச் சட்டங்களில் இதுதான் அடிக்கடி நடப்பது. ஒரு பக்கத்தில் சமூக நீதி, மறு பக்கத்தில் நிர்வாகம் என்று தனித்தனியே எழுதுவார்கள். நிர்வாகப் பக்கம் சமூக நீதிப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

வார்டு எல்லைகளும் அப்படியே. சேரியை ஒரே வார்டாக அடைத்தால் மன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். சேரியை மூன்றாகக் கிழித்து ஊர்த்தெருக்களோடு ஒட்டினால் எந்த வார்டிலும் நாம் பெரும்பான்மை இல்லை. இரண்டையும் பார்த்திருக்கிறோம். எல்லை வரைகிறவர் ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர். அவருக்கு ஊர் வழி காட்டுகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பதவி நீக்கம். 205ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்குத் தலைவரை நீக்கும் அதிகாரத்தைத் தருகிறது. விளக்கம் கேட்பார், வட்டாட்சியர் மன்றக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார், பிறகு ஆட்சியர் முடிவெடுப்பார். மேல்முறையீடு அரசிடம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்க ஓர் அதிகாரியின் ஆணை போதும். அந்த ஆணைக்கு முன்னால் கேட்கப்படும் கருத்து எந்த உறுப்பினர்களுடையது என்று மேலே பார்த்தோம்.

இங்கேதான் நமக்குள் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதைத் தவிர்க்காமல் பேச வேண்டும். கிராம சபைக்கு முழு அதிகாரம் கொடு, ஆட்சியரின் தலையீட்டை ஒழி என்று காந்திய அமைப்புகளும் தன்னார்வ நிறுவனங்களும் நெடுங்காலமாகக் கேட்கின்றன. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் வழியாகத் திட்ட நிதியில் பெரும் பங்கை உள்ளாட்சிக்குக் கொடுத்ததை எடுத்துக்காட்டுகிறார்கள். அரசமைப்பின் 243-ஜி உறுப்பு மாநிலங்கள் அதிகாரம் ‘வழங்கலாம்’ என்றுதான் சொல்கிறது, தமிழ்நாடு அந்த ‘லாம்’ என்ற விகுதிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதிலும் அவர்களோடு உடன்படுகிறோம். ஆனால் கிராம சபையில் யார் பேசுகிறார்கள்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கூட்டத்தில் நம் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? கூட்டம் கோயில் வாசலில் நடந்தால் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள்? முழுத் தன்னாட்சி என்றால் எங்கள் காதில் 1932ஆம் ஆண்டுப் பேச்சு ஒலிக்கிறது. மறுபுறம், ஊருக்கு மேலே இருப்பவனிடம் கேள் என்று ரெட்டமலை சீனிவாசன் காட்டிய வழியில் போய் ஆட்சியரிடம் நின்றால், அதே ஆட்சியர் 205ஆம் பிரிவில் நம்மவரை நீக்குகிறார்.

எங்கள் நிலைப்பாடு இது, உடன்படாதவர்கள் கேள்வி நேரத்தில் சண்டை போடலாம். அரசின் தலையீட்டை முழுவதும் ஒழிக்கக் கூடாது. பாதுகாக்கிற தலையீடு இருக்க வேண்டும், தண்டிக்கிற தலையீடு நீதித்துறைத் தன்மை கொண்ட வேறோர் அமைப்பிடம் போக வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட இடத்தில் இரண்டாவது கையெழுத்து துணைத்தலைவரிடம் இருக்கக் கூடாது; அல்லது துணைத்தலைவர் பதவியும் ஒதுக்கப்பட வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை, மாநிலச் சட்டமன்றம் ஒரே கூட்டத்தில் செய்யக்கூடியது. நம் கட்சிகளின் உறுப்பினர்கள் அந்தச் சட்டமன்றத்தில் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள்.

சுழற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி இரண்டு முறை, அதாவது பத்தாண்டு, தொடர்ந்து ஒதுக்கப்படுகிறது. ஐந்தாண்டில் மாற்றுவதைவிட இது நல்லது. முதல் ஐந்தாண்டு நாற்காலியில் உட்காரவே போய்விடுகிறது. ஆனால் பத்தாண்டும் முடிந்து பதவி பொதுவாகிறபோது நம்மவர் அதே ஊரில் மறுபடி நின்று வெல்கிற இடங்கள் அரிது. ‘உங்க முறை முடிஞ்சது’ என்பார்கள். உரிமை என்று சட்டம் கொடுத்ததை முறை என்று ஊர் மொழிபெயர்த்துவிடுகிறது, தண்ணீர் பாய்ச்சுகிற முறை மாதிரி.

தனித் தொகுதியிலும் வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற பூனா ஒப்பந்தத்தின் பழைய புண் கிராமத்தில் இன்னும் ஆறவில்லை. சட்டமன்றத் தனித்தொகுதியில் இருப்பதைவிட இங்கே அது கூர்மையானது. 300 வீடுள்ள ஊரில் சேரி 60 வீடு என்றால், அந்த அறுபதும் ஒருமனதாக நிறுத்துகிறவரை ஊர் தோற்கடிக்க முடியும். தன் வயலில் வேலை செய்கிறவரையோ தன் டிராக்டரை ஓட்டுகிறவரையோ நிறுத்தி வெல்லவைக்க முடியும். கோயிலில் கூட்டம் போட்டுப் பதவியை ஏலம் விடுவதும் உண்டு. இதற்கு மாற்றாக, தனித் தொகுதி ஊராட்சிகளில் முதற்கட்டமாகச் சேரி மட்டும் வாக்களித்து வேட்பாளர்களைத் தெரிவு செய்வது என்ற யோசனை நம் கூட்டங்களில் வந்திருக்கிறது. பூனா ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு முதல்நிலைத் தேர்தல் இருந்தது, நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தாழ்த்தப்பட்டோர் மட்டும் தெரிவு செய்யும் ஏற்பாடு. இழந்த ஒப்பந்தத்திலிருந்துகூட எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் சேரி ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு கல்விக்கும் வேலைக்கும்தான், உள்ளாட்சிக்கு இல்லை. பள்ளரும் பறையரும் மிகுதியாக இருக்கிற இடங்களில் அருந்ததியர் தலைவராக வந்தால் நம் தெருவிலேயே என்ன பேசுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பெண்கள் விஷயத்தில் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். பயிற்சிக்கு அழைப்பிதழ் தலைவர் பெயருக்கு அனுப்புவோம். வந்தவர் கணவராக இருந்தால் வரவேற்று முன்வரிசையில் உட்காரவைத்து மைக்கையும் கொடுத்தோம், பல ஆண்டுகள். தாழையூத்தில் 2011 ஜூனில் தலைவர் கிருஷ்ணவேணி வெட்டுப்பட்டபோதுதான் விழித்தோம். பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். யாருடைய பினாமியாகவும் இல்லாத பெண்ணை ஊர் என்ன செய்யும் என்று அன்று பார்த்தோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர நாளில் தலைவரைக் கொடியேற்றவிடவில்லை. செய்தி பரவிய பிறகு ஆட்சியர் வந்து சில நாள் கழித்து ஏற்றவைத்தார். இருவரும் பெண்கள். 

2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தில் இவற்றுக்குப் பிரிவு இருக்கிறது. வேட்புமனு போடவிடாமல் தடுப்பது குற்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதி உறுப்பினரையோ தலைவரையோ கடமை செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம், 3(1)(எம்). வாக்களித்ததற்காக ஊர்விலக்கம் செய்வதும் குற்றம். இவை மேலவளவையும் பாப்பாபட்டியையும் போன்ற ஊர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த வரிகள் என்றே நாங்கள் படிக்கிறோம். கையெழுத்துப் போட மறுப்பது ‘கடமையைத் தடுப்பது’ ஆகுமா? ஆகும் என்று வாதிட வேண்டும். அந்த வாதத்தை முன்வைத்து வழக்கு நடத்த வழக்கறிஞர்கள் வேண்டும். இந்த அரங்கில் சட்டம் படிக்கிற மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள், அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறோம்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றது, 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். மூன்றாண்டு. அப்போது ஊர்களில் ஒரு பேச்சு இருந்தது, ‘இப்பத்தான் நல்லா நடக்குது’ என்று. தலைவர் என்று யாரும் இல்லாத ஊராட்சியில் ஏலம் வழக்கம்போல நடந்தது, பணம் வழக்கமான கைகளுக்குப் போனது. நாற்காலி காலியாக இருந்தது. அதில் நம்மவர் உட்கார்ந்திருப்பதைவிட அது காலியாக இருப்பதே ஊருக்கு வசதி.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று பயிற்சிக்கு வந்த தோழர்கள் கேட்பதுண்டு. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுக்கவைத்தோம், ஆட்சியரின் குறைதீர் நாளில் நின்றோம், துணைத்தலைவருக்குக் கடிதம் போனது. அவர் ஐந்து மாதம் கழித்து ஒரு காசோலையில் கையெழுத்துப் போட்டார். மோட்டார் ஓடியது. அடுத்த மாதக் காசோலைக்கு மறுபடி முதலிலிருந்து. பதவிக்காலம் முடியும்வரை அந்த அம்மா ஒரு பள்ளி நோட்டில் எந்தத் தேதியில் எந்தக் காசோலையை நீட்டினார், எந்தத் தேதியில் திரும்பி வந்தது, யார் முன்னிலையில் மறுத்தார் என்று தன் பேத்தியை விட்டு எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டு இப்போது எங்களிடம் இருக்கிறது. அதில் 41 பதிவுகள் இருக்கின்றன.